விழாத தொட்டி

தம்பி,

ஈப்போ ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் நீ அதைக் கேட்டாய். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா கடைசி வரைக்கும் என்மேல கோவமா இருந்தாரா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டி தாண்டிப் போய்விட்டது. நீ வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துக் கேட்டாயோ என்றுகூட நினைத்தேன். பதினாறு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். வந்தவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தோம், ஐயருக்கு வேண்டியதை எடுத்து வைத்தோம், அப்பாவின் சட்டைகளை மடித்துக் கட்டினோம். அப்போதெல்லாம் கேட்காததை ரயில் நகர்ந்ததும் கேட்டாய். டெலிபோனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் டெலிபோனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவள் எழுதுகிற கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லை. அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. அவர் கோபப்பட்டிருக்க வேண்டிய ஆள் வேறு. அது யார் என்று சொல்வதற்குத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா பத்து காஜா ஊருக்கு வெளியே அந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்பது உனக்குத் தெரியும். எப்படி இஞ்சினியர் ஆனார் என்பது உனக்குச் சரியாகத் தெரியாது, அவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதே இல்லை. உங்கள் அஞ்சலை அத்தை அவரைவிட எட்டு வயது மூத்தவள். பதினாலு வயதில் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விட்டாள். தன் தம்பி பத்து காஜாவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்பது அவள் பிடித்த பிடிவாதம். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் இருட்டில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் போவாளாம். சைக்கிளில் போய்ப் படித்து, கோலாலம்பூரில் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, தண்ணீர் இலாகாவில் வேலைக்கு வந்தார். அந்தத் தோட்டத்திலிருந்து வந்த முதல் இஞ்சினியர். கல்யாணம் ஆன புதிதில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, வரிசை வீடுகளாக இருந்த லயத்து வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "உக்காருங்க அண்ணே, நான் என்ன தொரையா?" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே போனார்.

அந்தத் தோட்டத்தில் அப்போது குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒரு கிணறு, அதைவிட்டால் ஆறு. மரம் வெட்டிவிட்டு வந்த பொம்பளைகள் மறுபடி வாளியோடு வரிசையில் நிற்பார்கள். எழுபதுகளின் நடுவில், நீ ஆறாம் வகுப்பு படித்த வருஷம், அந்தத் தோட்டத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட உத்தரவு வந்தது. அந்த வேலையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரித்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் எல்லோரும் ஒரு மாதம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாலு கான்கிரீட் கால்மேல் பெரிய தொட்டி. அதை லயத்துக்குப் பக்கத்திலேயே, முதல் வரிசை வீடுகளுக்குப் பின்னால் வைத்தார். தூரத்தில் மேட்டில் வைத்தால் குழாய் இழுக்க இன்னும் ஆறு மாதம் ஆகும். பக்கத்தில் வைத்தால் தீபாவளிக்குத் தண்ணீர் கொடுத்துவிடலாம். முதல் வரிசையில் மூன்றாவது வீடு அத்தையின் வீடு.

கட்டுவதற்கு முன் மண்ணைத் துளைபோட்டுப் பார்ப்பார்கள். நாலு இடத்தில் போடவேண்டியது. அவர் இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தார். கெட்டி மண் வந்தது. மழை பிடித்துக்கொண்டது. இலாகா வரைபடத்தில் அந்த இடம் நல்ல நிலம் என்று போட்டிருந்தது. அத்தை மட்டும், "தம்பி, நீ சின்னப் புள்ளையா இருக்கும்போது அந்தப் பக்கம் ஈயம் தோண்டுற லம்பம் இருந்துச்சே, மறந்துட்டியா? தோண்டிப் போட்ட எடம்டா அது" என்றாளாம். "அது இன்னும் கீழ்ப்பக்கம்க்கா" என்று இவர் சொல்லிவிட்டார். ஈயம் தோண்டிவிட்டுப் போன குழிகளில் சேறும் மணலும் நிரம்பி, மேலே புல் முளைத்து, பார்க்க நல்ல தரை மாதிரியே இருக்கும். கிந்தா பள்ளத்தாக்கில் வேலை பார்த்த எந்த இஞ்சினியருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. அவருக்கும் தெரியும். ஆனால் தீபாவளிக்குள் முடிக்கவேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

தீபாவளிக்கு நாம் எல்லோரும் அங்கே போனோமே. அத்தை குழாயைத் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்து உன் தங்கச்சியின் முகத்தில் தெளித்தாள். யாரோ குழாய்க்கு மாலை போட்டிருந்தார்கள். உன் அப்பா அழுததை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனவர், ரொம்ப நேரமாகத் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், வீட்டுத் தூணையும் தொட்டியின் காலையும் ஒரே கோட்டில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையிடம் கயிறு கேட்டார். ஒரு இரும்புத் துண்டை அதில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி மேலேயிருந்து தொங்கவிட்டார். அது கால் ஓரத்தில் வந்து நிற்கவேண்டும். இரண்டு விரற்கடை தள்ளி நின்றது; தொட்டி சாய்ந்திருந்தது. மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டதும் நேராக மோட்டார் சைக்கிளில் அங்கே போய்க் கயிறு தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். புதன்கிழமை மூன்று விரற்கடை. அதற்குமேலும் கொஞ்சம். வியாழக்கிழமை காலையில் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், போய் வால்வைத் திறந்துவிட்டார்.

தொட்டி முழுக்கத் தண்ணீர், தம்பி. அத்தனையும் வாய்க்காலில் கொட்டியது. பிள்ளைகள் அதில் குதித்து ஆடினார்கள். மரம் வெட்டிவிட்டுத் திரும்பிய பொம்பளைகள் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். முதல் வரிசையில் இருந்த எட்டுக் குடும்பத்தையும் சட்டி பானையோடு பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். தோட்டத்து மானேஜர் வந்து கத்தினார். கணக்கு எழுதுகிற கிராணி வந்து, "என்னாங்க இஞ்சினியர், சும்மா நிக்கிற தொட்டிய இப்படிக் காலி பண்றீங்களே லா!" என்றார். ஒரு பொம்பளை குனிந்து மண்ணை அள்ளி அப்பாமேல் தூற்றினாள். "நாங்க குடிக்கிற தண்ணி உனக்குக் கண்ண உறுத்துதா?" என்றாள். அவர் சட்டையைத் தட்டிக்கொள்ளக்கூட இல்லை. "அக்கா, தப்பு என்னுது. நான் எடம் சரியாப் பாக்கல. மன்னிச்சிருங்க" என்றார். அன்றைக்கு அங்கே கூடியிருந்த எல்லோரிடமும் அதையேதான் சொன்னார். அஞ்சலை அத்தை மட்டும் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஆபீசுக்குப் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். ஆபீசில் பெரியவர் ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். காண்ட்ராக்டர் அஸ்திவாரத்தைச் சரியாகப் போடவில்லை என்று எழுதிவிடு, காரியம் அதோடு முடிந்துவிடும் என்று. அந்த வருஷம் அவருக்கு உத்தியோக உயர்வு வருவதாக இருந்தது. கோலாலம்பூரில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. நான் அந்த வீட்டுக்குத் திரைச்சீலைகூட மனதில் பார்த்து வைத்திருந்தேன். "அவங்க சொல்றபடி எழுதிடுங்க" என்றேன். "அந்த ஆளு நான் கோடு போட்ட எடத்துலதான் கட்டுனாரு. கோடு போட்டது நான்" என்றார். "உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றேன். "அந்த ஆளுக்கு அஞ்சு" என்றார்.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் ஞாபகமில்லை. ஒன்று ஞாபகம் இருக்கிறது. "நாளைக்கு என் பிள்ளைங்களை ஊரெல்லாம் கோணத் தொட்டி இஞ்சினியர் பெத்த பிள்ளைங்கன்னு சொல்லும்" என்று கத்தினேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீ வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய். உன் பென்சில் நின்றது எனக்குக் கேட்டது. தம்பி, அந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லிக் கேட்டதாக இத்தனை வருஷமும் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர்கள் பிறகு சொல்லியிருக்கலாம். நீ முதலில் கேட்டது என் வாயிலிருந்துதான்.

அவர் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். இரண்டு துளை போட்டதையும், அந்த இடத்தில் வசிக்கிறவர் எச்சரித்தும் கேட்காததையும் எழுதினார். அதற்குப் பிறகு தற்காலிகக் குழாய் போடுகிறவரைக்கும் தினமும் விடியற்காலையில் தண்ணீர் லாரியோடு அந்தத் தோட்டத்துக்குப் போனார். லாரி அனுப்பினால் போதும், அவர் போகவேண்டியதில்லை. போனார். வாளி பிடிக்கிற பொம்பளைகள் ஏசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, அப்படியே ஆபீசுக்குப் போவார். தொட்டியை இடித்தார்கள். வேறு ஒரு இஞ்சினியர் மேட்டில் புதுத் தொட்டி கட்டினார். அது இன்றைக்கும் இருக்கிறது. கொடுமை என்னவென்றால், அப்பா கட்டிய தொட்டி விழவே இல்லை. விழுந்திருந்தால் எட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினவர் என்று சொல்லியிருப்பார்கள். விழாமல் இருந்ததால், நல்ல தொட்டியைப் பயந்துபோய் இடிக்க வைத்தவர் என்றார்கள். விழுந்திருக்குமா என்று நான் பிறகு ஒரு தடவை கேட்டேன். "தெரியாது. தெரிஞ்சுக்கிறதுக்காக விட்டுவைக்க முடியுமா?" என்றார்.

உத்தியோக உயர்வு போயிற்று. தூரத்தில் கடலோரத்துப் பாகான் டத்தோவுக்கு மாற்றினார்கள். மூன்று வருஷம். உங்களுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு வேலை எல்லாம் ஈப்போவில். அவர் அங்கே தென்னந்தோப்புக்கு நடுவில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். உன்னிடம் நான், "ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். அப்பா நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நீ நினைத்ததை நான் பார்த்தேன். திருத்தவில்லை. என் கோபம் அப்போது அடங்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறுவார். தெலுக் ஆன்சனில் மாறி, ஈப்போ வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். பிஸ்கட் டின்னில் நண்டு இருக்கும், உனக்கும் தங்கச்சிக்கும் இளநீர் இருக்கும். ஞாயிறு காலை உங்கள் இரண்டு பேரின் பள்ளிக்கூடக் கான்வாஸ் சப்பாத்துக்கும் வெள்ளை அடித்து வெயிலில் காயவைப்பார். தங்கச்சிக்குத் தலை பின்னிவிடுவார். இரண்டு சடையும் ஒரே அளவாக இருக்கவேண்டும் அவருக்கு, அவள் அழுதாலும் அவிழ்த்து மறுபடி பின்னுவார். ஒரு தடவை வெள்ளம் வந்து பாதையில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுபோனது. அந்த வாரம் வரமாட்டார் என்று நான் உங்களுக்குச் சோறு போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் வந்து நிற்கிறார், முழங்கால் வரைக்கும் சேறு. கொஞ்ச தூரம் நடந்து, கொஞ்ச தூரம் தேங்காய் லாரியில் வந்திருக்கிறார். நீ கணக்குப் புத்தகத்தை நீட்டினாய். குளிக்கக்கூட இல்லை, தரையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "பசியாறிட்டு உக்காருங்களேன்" என்றேன். "ரெண்டு மணிக்குத் திரும்பணும் லா, நேரம் இல்ல" என்றார். நாலு மணி நேரம் நம்மோடு இருப்பதற்காக அப்படி வந்தார். நீ அன்றைக்குப் பந்து விளையாடப் போகவேண்டும் என்று அவசரப்பட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். நான்தான் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும்.

பிறகு அவரை ஈப்போவுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதே நாற்காலி, அதே பதவி, ரிட்டயர் ஆகிறவரைக்கும். அவரிடம் வேலை பழகியவர்கள் அவருக்கு மேலே போனார்கள். அவர்களே சந்தேகம் வந்தால் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். மண்ணைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "நாலு எடம் துளை போடு. அப்புறம் அங்க குடியிருக்கிற ஆளுங்ககிட்ட கேளு."

உனக்கு யுனிவர்சிட்டியில் இஞ்சினியரிங் கிடைத்த கடிதம் வந்த நாள். அதைத்தான் நீ மனதில் வைத்துக்கொண்டு ரயிலில் கேட்டாய், எனக்குத் தெரியும். அவர் அலமாரியைத் திறந்து, கல்லூரிக் காலத்து ஸ்லைட் ரூலை எடுத்துக்கொண்டு வந்து உன்னிடம் நீட்டினார். நீ வாங்கவில்லை. "கோணத் தொட்டி கட்டினவரோட சாமான் எனக்கு எதுக்குப்பா?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பத்தொன்பது வயது. அவரும் சிரித்தார். "சரிதான் லா, இப்பல்லாம் கால்குலேட்டர் வந்துருச்சு" என்று அதை உறையில் போட்டு உள்ளே வைத்துவிட்டு, வெளியே போய் வாசல் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குழாய் நன்றாகத்தான் இருந்தது. நான் அடுப்படியில் நின்றேன். நீ சொன்னது என்னுடைய வார்த்தை, என்னுடைய குரல். ஓடிவந்து அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பற்றியும் சொல்லவேண்டி வருமே என்று பயந்தேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன், "அவன் சொன்னது உங்களுக்கு வலிக்கலையா?" என்று. "வலிச்சுச்சு. ஆனா அவன் சொன்னது பொய் இல்லையே. கோணத் தொட்டிதானே கட்டுனேன்" என்றார். "மீதியைச் சொல்லுங்களேன் அவன்கிட்ட" என்றேன். "நான் சொன்னா பெருமை பேசற மாதிரி இருக்கும். அவனும் ஒருநாள் ஒரு எடத்துல கோடு போடுவான். அப்ப அவனே கேப்பான்" என்றார். இவ்வளவுதான். அதற்குப் பிறகும் நீ லீவில் வரும்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பார். கோபக்காரன் யாராவது அப்படிப் போய் நிற்பானா?

காரியத்துக்குத் தோட்டத்திலிருந்து இரண்டு வேனில் ஆட்கள் வந்தார்கள். பச்சைச் சேலை கட்டிய ஒரு வயசான அம்மாவுக்கு நீ நாற்காலி போட்டாய். அவர் உட்காராமல் அப்பா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். மண்ணை அள்ளித் தூற்றினவர் அவர்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மனுசன் அன்னைக்கு என்னைத் திருப்பித் திட்டியிருந்தா நான் மறந்திருப்பேன்மா. மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டாரு. தெனமும் லாரியில வந்து என் வாளியத் தூக்கிக் குடுத்தாரு. இத்தன வருசமா வந்து சொல்லணும்னு இருந்தேன்" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. நானும் அதே வரிசையில் நிற்கிறவள்தானே.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்திருந்த கடைசி நாளில் நான் சொன்னேன். அன்றைக்கு அப்படி எழுதச் சொன்னது தப்பு, பிள்ளையின் காதில் விழும்படி அந்த வார்த்தையைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு என்று. "அது எனக்குத் தெரியும்" என்றார். "பென்சில் நின்னது எனக்கும் கேட்டுச்சு." பதிமூன்று வருஷம் அதை வைத்துக்கொண்டு ஒரு சொல் என்னைச் சொன்னதில்லை. அது பெருந்தன்மை என்று நினைக்கிறாயா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது தனியாக உட்கார்ந்து யோசித்தால், அவர் அன்றைக்கே என்னைத் திட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது. உன்னையும் ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம். மூன்று பேரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று பேசாமலேயே இருந்து, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வேலையில் தப்பை அவ்வளவு தைரியமாகச் சொன்ன மனுஷருக்கு வீட்டில் வலியைச் சொல்லத் தெரியவில்லை. அவரிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. உன் மனைவி இப்போது மாசமாக இருக்கிறாள். நாளைக்கு உன் பிள்ளைக்கு முன்னால் நீ ஒரு தப்புச் செய்தால், தப்பு என்று சொல். அது உன்னை நோகடித்தால், வலிக்கிறது என்றும் சொல்.

இதைப் படித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். வரவேண்டியதுதான். ஆறுதலாகப் பதில் எழுதிவிடாதே, "பரவாயில்லம்மா" என்று போன் பண்ணாதே. சனிக்கிழமை ரயில் ஏறி வா. வந்து முகத்துக்கு நேராகக் கேள். நான் வீட்டில்தான் இருப்பேன், கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

உன்னிடம் பதில் சொல்லக் கடன்பட்ட,
அம்மா